நாற்பத்தோராவது பொட்டலம்

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று வழக்கத்துக்காகத்தான் போட்டிருக்கிறேன். கடிதம் முடிவதற்குள் அந்தச் சொல்லை அடித்தாலும் அடிப்பேன்.

மணி பதினொன்றே கால். அடுப்படியில் பாத்திர அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். விளக்கைப் போட்டால் அப்பா அறைக் கதவின் மேல்கண்ணாடியில் வெளிச்சம் தெரியும். அதனால் உன் பழைய டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். காகிதத்தில் ஈரம் தெரிந்தால் அது அழுகை இல்லை, எச்சில்.

நீ அப்பா பேச்சை மீறித் தண்ணீர்ப் பரிசோதனைக்கூட வேலைக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் பதினான்கு மாதம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது உன்னைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டுப் பெயிண்ட் கடைக்குப் போய்விடுகிறார். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கண்ணாடி அக்கா மட்டும் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இல்லாவிட்டால் உனக்கு நான் உயிரோடு இருக்கிறேனா என்பதுகூடத் தெரிந்திருக்காது. நீ அவர் வீட்டு முகவரிக்கு எழுதுகிறாய். அவர் சோதனைக்குழாய்ப் பெட்டிக்கு அடியில் வைத்து எனக்குக் கொடுக்கிறார். இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் என்றுதானே நினைத்திருந்தேன்.

இப்போது கேட்கிறேன். உன் வேதியியல் நோட்டை ஏன் அவளுக்குக் கொடுத்தாய்?

நேற்று கண்ணாடி அக்கா அலமாரியைத் திறந்து, நீ அவரிடம் விட்டுப்போன அந்தப் பச்சை அட்டை நோட்டை எடுத்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டிவிட்டேன். "உனக்கில்ல குட்டி. உங்க மாமா பொண்ணுக்குக் குடுக்கச் சொல்லி எழுதியிருக்கா உங்கக்கா" என்றார். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன்.

மாமா அவளைக் கொண்டுவந்து விட்டு மூன்று மாதம் ஆகிறது. அவள் அம்மாவுக்கு இன்னும் சிகிச்சை நடக்கிறது, பாவம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் படுப்பது உன் கட்டிலில். போடுவது உன் சாம்பல் நிற ஸ்வெட்டர். அம்மா கால் வலி என்று சொல்வதற்கு முன்பே தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அப்பா அவளிடம் பெயிண்ட் டப்பாவின் மூடியைக் கொடுத்து, "இது எந்த நீலம்னு சொல்லு பாப்போம்" என்கிறார். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அவளை மனசுக்குள் 'வந்தவள்' என்றுதான் கூப்பிடுகிறேன். வீட்டில் எல்லாமே அவளுக்கு. எனக்கென்று மிச்சம் இருந்த ஒன்று உன் நோட்டு.

ராத்திரியில் இருமல் வேறு. இதோ, இப்போதும் இருமுகிறாள். டார்ச்சை அணைத்துவிட்டேன். அப்பா தண்ணீர் குடிக்க வந்துவிட்டுப் போனார்.

பதினேழாம் தேதி செய்முறைத் தேர்வு. கலவையைப் பிரிக்க வேண்டும். பதில் அதற்குள் வர வேண்டும்.

கொசு

•

செப்டம்பர் 9

கொசுவுக்கு,

காதருகே வந்து ரீங்காரம் போடுகிறாய் என்றுதான் அந்தப் பெயர் வைத்தேன். இவ்வளவு தூரம் தள்ளி வந்தும் அது நிற்கவில்லை.

நோட்டு விஷயம். அவள் அம்மா பக்கத்தில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தே பாதி வருஷப் பாடத்தை விட்டவள். தனிமம் எது, சேர்மம் எது, கலவை எது என்று யாரும் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லித் தரவில்லை. உனக்குத் தலைகீழாகக் கேட்டாலும் தெரியும். யாருக்கு இல்லையோ அவர்களுக்குக் கொடுத்தேன். இதில் என்ன தப்பு? அவள் நிதானமான பெண். உனக்கு இருக்கும் மூளையும் அவளுக்கு இருக்கும் பொறுமையும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் அந்தப் பள்ளி தாங்காது.

இங்கே ஒரு நாளைக்கு அறுபது பாட்டில் தண்ணீர் வருகிறது. எல்லாம் ஒரே மாதிரி தெளிவாக இருக்கும். ஒன்றில் உப்பு, ஒன்றில் இரும்பு, ஒன்றில் சொல்லக் கூடாதது. என் அறையில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே போய்விடும்.

தேர்வை நன்றாகச் செய். அவளுக்கும் கொஞ்சம் உதவு. அம்மா கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. தைலம் யார் தேய்த்தால் என்ன.

அக்கா

•

செப்டம்பர் 18

அக்காவுக்கு,

இன்றைக்கு அன்பு கின்பு ஒன்றும் கிடையாது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று தேர்வு. ஆளுக்கு ஒரு பொட்டலம். மணல், உப்பு, இரும்புத்தூள் மூன்றும் கலந்தது, மொத்தம் இருபது கிராம். எல்லாவற்றையும் கண்ணாடி அக்காதான் முந்தின நாளே நிறுத்து, மடித்து, எண் போட்டு ஸ்டோர் அறைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். நடுவில் சேர்ந்தவள் என்பதால் வந்தவளுக்குக் கடைசி எண், நாற்பத்தொன்று.

நாங்கள் எல்லோரும் உடனே காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி இரும்புத்தூளை எடுக்க ஆரம்பித்துவிட்டோம். இவள் மட்டும் பொட்டலத்தைக் கொண்டுபோய்த் தராசில் வைத்தாள். தேர்வு நோட்டில் முதல் வரியாக 22.5 என்று எழுதினாள். வேதியியல் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் இருபதுதாம்மா. உனக்கு மட்டும் கொசுறு போட இது என்ன மளிகைக் கடையா?" என்று சிவப்பு மையால் அதை அடித்தார். வகுப்பே சிரித்தது. நீ நிதானம் என்று எழுதினாயே, அவளுக்குத் தராசு பார்க்கக்கூடத் தெரியவில்லை.

அப்புறம் தண்ணீர் ஊற்றி, மணலை வடிதாளில் பிடித்து, வடிந்த நீரைப் பீங்கான் கிண்ணத்தில் சுண்ட வைத்தோம். எங்கள் கிண்ணங்களில் வெள்ளையாக உப்பு படிந்தது. அவளுடையது மஞ்சளாகி, பழுப்பாகி, கொழகொழவென்று கொதித்தது. அவள் குனிந்து கண்ணாடிக் குச்சியால் கிளறினாள். பாகு மாதிரித் தெறித்து வலது கை விரல்கள் இரண்டில் ஒட்டிக்கொண்டது. உதறினாலும் போகவில்லை. அவள் கத்தவில்லை அக்கா. "ஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறை முழுக்கச் சர்க்கரை கருகிய வாசனை.

தலைமையாசிரியை வந்து ஸ்டோர் அறையைக் குடைந்தார். அலமாரியின் இரண்டாம் தட்டில், பின்னால், 'உப்பு' என்று மங்கிப்போன சீட்டு ஒட்டிய ஒரு பழைய பாட்டில். அதன் மூடியைச் சுற்றி எறும்பு. "உப்புக்கு எறும்பு வருமா?" என்று கேட்டார். கண்ணாடி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அது டீக்கு வைத்திருந்த சர்க்கரையாம். ஆய்வகத்தில் தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாது என்று போன வருஷமே உத்தரவு. அதற்குப் பயந்து உப்பு பாட்டிலில் போட்டு மறைத்து வைத்திருக்கிறார். அந்த டீயை இரண்டு வேளையும் குடிப்பவர் சார்தான். சார் ஜன்னல் வழியாக எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பொட்டலத்துக்கு உப்பு தீர்ந்துபோய், கண்ணாடி அக்கா அவசரத்தில் அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அக்டோபர் பதின்மூன்றாம் தேதி விசாரணை. அதுவரைக்கும் அவர் பள்ளிக்கு வரக் கூடாது. அதன் பிறகும் வர மாட்டார் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

தப்பு அவருடையதுதானே? உப்பு பாட்டிலில் யாராவது சர்க்கரை வைப்பார்களா? நீயே சொல்.

வந்தவளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. அம்மா ஊட்டிவிடுகிறாள்.

கொசு

•

செப்டம்பர் 23

கொசுவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை விரலுக்காகப் பதறினேன். மற்ற மூன்று முறையும் ஒரே வரியில் போய் முட்டி நின்றேன்.

கண்ணாடி அக்கா உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைப் போட்டிருந்தால், போட்ட பிறகுதானே நிறுத்திருப்பார்? எதைப் போட்டாலும் பொட்டலம் இருபது கிராம்தான் இருக்கும். உப்பு, சர்க்கரை என்ற வித்தியாசமெல்லாம் தராசுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் 22.5 என்று எழுதியிருக்கிறாள். நீ சொல்கிற மாதிரி அவளுக்குத் தராசு பார்க்கத் தெரியாமல் இல்லை. என் நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதி வைத்ததைத்தான் அவள் செய்திருக்கிறாள்: 'எழுதிக் கொடுத்த எடையை நம்பாதே. முதலில் நீயே நிறுத்துப் பார்.'

இல்லாத பொருள் எங்கிருந்தும் முளைக்காது. இரண்டரை கிராம், நிறுத்து மடித்த பிறகு அந்தப் பொட்டலத்துக்குள் போயிருக்கிறது. யாரோ பிரித்து, போட்டு, மறுபடி மடித்திருக்கிறார்கள்.

தட்டுகளை ஸ்டோர் அறையிலிருந்து வகுப்புக்குத் தூக்கி வருவது வகுப்புத் தலைவி. இந்த வருஷம் வகுப்புத் தலைவி யார் என்று போன ஜூனில் எனக்கு ஒரு முழுப் பக்கம் பெருமையடித்து எழுதியது நீதான்.

கேட்பதற்கு எனக்கே வாய் வரவில்லை. நீயா?

அக்கா

•

செப்டம்பர் 28

அக்கா,

நான்தான்.

இந்த ஒரு சொல்லை எழுத இரண்டு ராத்திரி ஆகியிருக்கிறது.

உன் கடிதத்தை வாங்கக் கண்ணாடி அக்கா வீட்டுக்கே போக வேண்டியிருந்தது. பள்ளிக்குப் பின்னால், சலவைக் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. மனுஷி வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல் ஜன்னல் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். "வா குட்டி. பீக்கர் இல்லாம கை அரிக்குது" என்று சிரித்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணு மட்டும் புரியலடி. உப்பு தீரவே இல்ல. அரைப் பாட்டில் இருந்துச்சு. எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? ஒருவேளை அவிஞ்சுதான் போச்சோ என்னமோ" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். அவருக்கே அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்றும் எழுதிவிடுகிறேன். உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் தேர்வன்றைக்குக் காலையில்தான் கைக்கு வந்தது. மதியம் தட்டை எடுக்க ஸ்டோர் அறைக்குப் போனபோது அது என் பையில் இருந்தது. 'நிதானமான பெண்' என்ற வரி மட்டும் தனியாக உள்ளே சுட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். தட்டின் ஓரத்தில் நாற்பத்தொன்று. அலமாரியின் இரண்டாம் தட்டில் கையை விட்டேன், ஒரு பாட்டில் அகப்பட்டது. சீட்டில் உப்பு என்று இருந்தது. விரல் நுனியில் அள்ளிப் போட்டு மடித்துவிட்டேன்.

உப்புக்குள் உப்புதானே என்று நினைத்தேன் அக்கா. கடைசியில் அவள் கணக்கு உதைக்கும், ஐந்து மதிப்பெண் போகும், நீ அவளைப் பற்றி இனி அப்படி எழுத மாட்டாய். அவ்வளவுதான் என் ஆசை. நன்கு பார்த்திருந்தால் எறும்பு தெரிந்திருக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் பளபளப்பு, இரண்டும் தண்ணீரில் கரையும். சூடு பட்டால்தான் வேறு வேறு. இதைப் போன மாதம்தான் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்னால் நீ என்னை வெறுப்பாய். அவள் விரலில் பாகு ஒட்டிய நொடியில் எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துபோனது. சந்தோஷம் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. உடனே போய்விட்டது. ஆனால் வந்தது.

நான் சொன்னால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்பார். ஏன் செய்தாய் என்பார். நோட்டு என்று சொன்னால் யார் நோட்டு என்பார். கண்ணாடி அக்கா நமக்குக் கடிதம் கொண்டுவந்தது தெரிந்தால் அதற்கும் சேர்த்து அவர் வேலை போகும். உன் கடிதமும் போகும். சொல்லாவிட்டாலும் அவர் வேலை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது. வந்தவள் இடது கையால் தலை வாரிக்கொள்ளப் பழகுகிறாள். என்னைப் பார்த்து, "வகிடு நேரா இருக்கா பாரேன்" என்கிறாள். கோணலாக இருந்தது. நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் என்ன செய்யட்டும்?

•

அக்டோபர் 2

கொசு,

நான் உன்னை வெறுக்கவில்லை. கோபம் இருக்கிறது. நேரில் இருந்திருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன், பிறகு நானும் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

நீ எழுதத் தயங்கிய ஒன்றை எழுதிவிட்டாய். என்னிடமும் ஒன்று இருக்கிறது. நோட்டை அவளுக்குக் கொடுத்ததற்கு நான் சொன்ன காரணம் பொய் இல்லை. ஆனால் அதில் கலப்படம் உண்டு.

செய்முறைத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது வாங்கியது அந்தப் பள்ளியில் நான் மட்டும்தான். ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணாடி அக்கா ஒரு வரி எழுதுவார்: 'உன் தங்கச்சி உன்னைத் தாண்டிருவா போல.' படித்துவிட்டுச் சிரிப்பேன். அப்புறம் அந்த வரியை மட்டும் மறுபடி படிப்பேன். எனக்கு வீடு இல்லை, கட்டில் இல்லை, அப்பா வாயில் என் பெயர்கூட இல்லை. அந்தப் பள்ளிச் சுவரில் ஒரு பலகையில் என் மதிப்பெண் மட்டும் இருக்கிறது. அதையும் நீ எடுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். என் நோட்டு இருந்தால் நிச்சயம் எடுத்துக்கொள்வாய். அதனால் எடுக்க முடியாதவளாகப் பார்த்துக் கொடுத்தேன். அவள் மேல் இருந்த இரக்கத்தைக் கொஞ்சம் மேலே தூவிக்கொண்டேன், பார்க்க நன்றாக இருந்தது.

நீ அவளை என் கட்டிலில் படுக்கிறாள் என்று எழுதியபோது, நீ எனக்காகத்தான் கோபப்படுகிறாய் என்று தெரியும். ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அது காலியாகவே கிடக்கும் என்று ஏனோ நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் ஒரே அறையில் இருமலுக்கும் போர்வைக்கும் சண்டை போட்டுக்கொண்டு கிடக்கிறீர்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டும். போதுமா?

இப்போது செய்ய வேண்டியது. தலைமையாசிரியைக்கு நான் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 22.5 பற்றி மட்டும்தான். யாருடைய கை என்று எழுதவில்லை. அவர் எனக்குப் பாடம் எடுத்தவர், நான் சொன்னால் கேட்பார். ஆனால் எனக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று விசாரிப்பார்கள். கடித விஷயம் அப்பா வரைக்கும் போகும். போகட்டும். ஒரு மனுஷியின் வேலையை விட நம் கடிதம் பெரிது இல்லை.

பத்தாம் தேதி காலையில் தபால் பெட்டியில் போடுவேன். விசாரணைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்வதாக இருந்தால் கண்ணாடி அக்காவிடம் சொல்லி ஒரே ஒரு வரி தந்தி போல எனக்குப் போனில் சொல்லச் சொல். என் ஆபீஸ் எண் அவரிடம் இருக்கிறது. நீ சொன்னால் அது வேறு. நான் எழுதினால் அது வேறு. ஏன் என்று உனக்கே தெரியும்.

வகிடு கோணலாக இருந்தால் கோணல் என்று சொல்லு.

அக்கா

•

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடி அக்கா ஒன்பதாம் தேதி போன் செய்தபோது நீ முதலில் பேசவே இல்லையாம், மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டதாம். கடைசியில், உறையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாயாம். நன்றி.

எட்டாம் தேதி காலை பிரார்த்தனை முடிந்ததும் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டேன். கொஞ்சம் நின்று யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று பயம். "நாற்பத்தொண்ணாவது பொட்டலத்துல நான்தான் போட்டேன் மேடம்" என்றேன். அவர் பேனாவை மூடாமலே, "யாரு சொல்லிக் குடுத்து அனுப்புனாங்க? அந்தம்மாவா?" என்றார். அவர் நம்பவில்லை அக்கா. இவ்வளவு பயந்து போய்ச் சொன்னால் நம்பவில்லை. "அவ தேர்வு நோட்ட எடுத்துப் பாருங்க. முதல் வரில இருபத்திரண்டரைன்னு இருக்கும்" என்றேன்.

அவளைக் கூப்பிட்டார்கள், சாரைக் கூப்பிட்டார்கள், மதியம் அப்பாவும் வந்துவிட்டார். சட்டையில் பச்சைப் பெயிண்ட். நான் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தை மட்டும் சொல்லவில்லை. நோட்டுக்காகப் பொறாமை என்று சொன்னேன்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எவ்வளவு போட்ட?"

"ரெண்டரை கிராம்."

"அளந்தா போட்ட?"

"இல்லப்பா. கையால அள்ளிப் போட்டேன். அவதான் நிறுத்துப் பார்த்தா."

தலைமையாசிரியை அவள் பக்கம் திரும்பி, நாற்பது பேர் செய்யாததை நீ ஏன் செய்தாய் என்று கேட்டார். அவள் இடது கையால் பையிலிருந்து உன் பச்சை நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். அப்பாதான் முதலில் பார்த்தார். உன் கையெழுத்து. அவர் எட்டி அதை எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு வரிதான் அதில் இருக்கிறது. அதைப் படிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. திருப்பித் தரும்போது அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தந்தார். துடைத்த இடத்தில் பச்சை ஒட்டிக்கொண்டது.

நாங்கள் கிளம்பும்போது சார் திடீரென்று, "சர்க்கரை எனக்குத்தான் மேடம் வாங்கி வச்சாங்க. நாந்தான் ரெண்டு கரண்டி கேப்பேன்" என்றார். சிவப்பு மையால் அடித்ததற்கும் அவர்தான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார். கண்ணாடி அக்கா திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருகிறார். ஆய்வகத்தில் இனி டீ கிடையாது. சார் வெளியே போய்க் குடிக்கிறார், முகம் வாடியிருக்கிறது.

கண்ணாடி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம், "கண்ணு அவியலன்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தேன்.

எனக்கு வகுப்புத் தலைவிப் பதவி போய்விட்டது. இந்தத் தேர்வுக்கு மதிப்பெண் சுழி. பலகையில் உன் நாற்பத்தொன்பது பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே. இன்னொரு தண்டனையும் உண்டு. அவள் விரல் ஆறும் வரைக்கும் அவளுடைய எல்லாப் பாடத்தையும் நான்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள், "நீ கேட்டிருந்தா நோட்டக் குடுத்திருப்பேன். கேக்கவே இல்லையேடி நீ" என்றாள். அதோடு சரி. இரண்டு நாள் பேச்சு இல்லை. நேற்று ராத்திரி நான் அலமாரிச் சந்துக்குக் கிளம்பியபோது இருட்டில் சண்டைக்கு வந்துவிட்டாள். "டார்ச் வெளிச்சம் சுவத்துல தெரியுது, உனக்கு அறிவே கிடையாதா? மாமா எந்திரிச்சா உனக்குத் தெரியணுமேன்னு மூணு மாசமா இருமி இருமி என் தொண்ட புண்ணாப் போச்சு. அதுக்கு நீ எனக்குச் சர்க்கரப் பாகு ஊத்துறியா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள்.

இன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவ அங்க என்ன வேல பாக்குறா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அம்மாதான், "தண்ணி பரிசோதன. ஒரு நாளைக்கு அறுபது பாட்டிலு" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்கவில்லை. தட்டைத் தள்ளவும் இல்லை. அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத்தான் தெரியவில்லை. நான் கடிதங்களை அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் வைக்கிறேன்.

என் பொறாமை போய்விட்டதா என்று நீ கேட்பாய். போகவில்லை அக்கா. பாதி வடிந்திருக்கிறது. மீதி அடியில் கிடக்கிறது. அம்மா இன்னும் அவளுக்குத்தான் முதலில் ஊட்டுகிறாள்.

இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்திருக்கிறாள். அதனால்தான் எழுத்து நேராக இருக்கிறது. உனக்கு இரண்டு வரி எழுத வேண்டுமாம். எழுத விரல் இல்லை. தண்டனை என் தலையில்தானே. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"என் அன்பு அக்காவுக்கு. நோட்டுக்கு நன்றி. நீங்க வந்தா கட்டில விட்டுத் தந்துருவேன், ஆனா ஸ்வெட்டரத் தர மாட்டேன். சீக்கிரம் வாங்க, என் அக்கா."

இரண்டு இடத்தில் 'என்' என்று சொன்னாள். ஒன்றையாவது விட்டுவிடலாமா என்று பேனா நின்றது. விடவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வேண்டுமானால் நீயே நிறுத்துப் பார்.

கொசு